கண்கள் நிறைந்த சக்கரமும் சிவப்புக் குதிரைக்காரரும்: எபிரேயத் தீர்க்கதரிசிகள் கண்டது என்ன?

இணையத்தில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் தங்கச் சக்கரங்கள், விளிம்பு முழுக்கக் கண்கள், நடுவில் நெருப்பு. கீழே, "பைபிளில் சொல்லியிருக்கும் நிஜமான தேவதூதன் இப்படித்தான் இருப்பான்" என்று ஒரு வரி. இன்னொரு பக்கம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இருக்கவே இருக்கிறது: வெள்ளை அங்கி, அன்னப்பறவை இறக்கை, கன்னம் உப்பிய குழந்தை. இதில் எது சரி என்று கேட்டால், ரெண்டும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டைக்காரர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். சக்கரம் போட்டவர் பைபிளைத் திறந்து பார்த்தார், அது நல்ல விஷயம், ஆனால் தூதனைப் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டு வேறொரு பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க இறையியல் பட்டம் எல்லாம் வேண்டாம். ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், சகரியா, தானியேல் ஆகிய ஐந்து நூல்களில் சில அத்தியாயங்களை நிதானமாகப் பார்த்தால் போதும். இவற்றில் வானத்து உயிரினங்களின் பட்டியலைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தத் தரிசனங்களுக்குப் பின்னால் ஓடுகிற கேள்வியே வேறு: நம்மை இன்னும் யாராவது கவனித்துக்கொண்டு இருக்கிறார்களா, இல்லை கைவிட்டுவிட்டார்களா?

தூதன் என்பது ஒரு வேலை

எபிரேய மொழியில் இதற்கான சொல் மலாக். செய்தி எடுத்துக்கொண்டு போக அனுப்பப்பட்டவன் என்று பொருள், அவ்வளவுதான். அனுப்பியவர் மனிதராகவும் இருக்கலாம், கடவுளாகவும் இருக்கலாம். ஆதியாகமம் 32-ஆம் அத்தியாயம் தொடங்கும்போது யாக்கோபைக் கடவுளின் மலாக்குகள் எதிர்ப்படுகிறார்கள். ஒன்றிரண்டு வசனம் தள்ளிப் பார்த்தால் யாக்கோபே தன் அண்ணன் ஏசாவிடம் மலாக்குகளை அனுப்புகிறான், அவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். சொல் ஒன்றே. ஆகாய் என்ற தீர்க்கதரிசி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒரு சாதாரண மனிதர், அவரையும் அவருடைய நூலே கர்த்தருடைய மலாக் என்கிறது. மல்கியா என்ற பெயருக்கு "என் தூதன்" என்றே அர்த்தம்.

டிரைவர், தபால்காரர் என்பது போலத்தான் இதுவும். தபால்காரர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வோம்? ஆளைப் போல இருப்பார். ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்களும் சோதோமுக்கு லோத்தின் வீட்டுக்கு வந்தவர்களும் ஆட்களைப் போலத்தான் வந்தார்கள், காலைக் கழுவித் திண்ணையில் உட்காரச் சொல்லும்படி இருந்தார்கள். யாக்கோபின் கனவில் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தூதர்கள் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். இறக்கை இருந்தால் ஏணி எதற்கு?

தமிழில் நமக்கு ஒரு வசதி. தூதன் என்ற சொல் இன்னும் வேலைப் பெயராகவே இருக்கிறது, திருக்குறளில் தூதுக்குத் தனி அதிகாரமே உண்டு. ஐரோப்பாவில் அப்படி நடக்கவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆங்கெலோஸ் என்று போட்டார்கள், அதுவும் சாதாரண தூதனைக் குறிக்கும் சொல்தான். அதன்பின் லத்தீனுக்கு வந்தபோது வானத்திலிருந்து வந்தவருக்கு ஆஞ்செலுஸ், மனிதத் தூதருக்கு நூன்ட்டியுஸ் என்று ரெண்டாகப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பிரிவுக்குப் பிறகு வேலைப் பெயர் ஓர் இனத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இறக்கை முளைத்தது கிறிஸ்தவ ஓவியங்களிலும் சிற்பங்களிலும், கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில். கிரேக்க ரோமானிய வெற்றித் தெய்வத்துக்கு ஏற்கெனவே இறக்கை இருந்தது, அதைத்தான் எடுத்து ஒட்டினார்கள்.

அப்போ அந்தச் சக்கரம் யார்?

இறக்கை உள்ளவர்களும் எபிரேய நூல்களில் உண்டு. ஆனால் அவர்களை அந்த இடங்களில் யாரும் மலாக் என்று அழைப்பதில்லை.

உசியா ராஜா இறந்த வருஷத்தில், ஏறக்குறைய கி.மு. 740-இல், ஏசாயா ஒரு சிங்காசனத்தைப் பார்க்கிறார். அதைச் சுற்றி நிற்பவர்கள் சேராபீன்கள். சாராஃப் என்ற வேருக்கு எரிதல் என்று பொருள், வனாந்தரத்தில் இஸ்ரவேலரைக் கடித்த கொள்ளிவாய்ச் சர்ப்பங்களுக்கும் இதே சொல்தான் வருகிறது. ஆளுக்கு ஆறு இறக்கை: ரெண்டால் முகத்தை மூடி, ரெண்டால் காலை மூடி, ரெண்டால் பறக்கிறார்கள்.

எசேக்கியேல் கண்டவை கேருபீன்கள். கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எசேக்கியேலும் ஒருவர், ஆசாரிய குடும்பத்துக்காரர். கி.மு. 593-இல் கேபார் என்ற கால்வாய்க் கரையில் அவர் கண்ட நான்கு உருவங்களில் ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: மனித முகம், சிங்க முகம், எருது முகம், கழுகு முகம். பக்கத்தில் சக்கரத்துக்குள் சக்கரம், வட்டமெல்லாம் கண்கள். மெசப்பொத்தேமிய அரண்மனை வாசல்களில் மனிதத் தலையும் எருது அல்லது சிங்க உடலும் கழுகின் இறக்கையும் கொண்ட பெரிய கல் உருவங்கள் நின்றன, இன்று லண்டனிலும் பாரிசிலும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அதே நான்கு உறுப்புகள்தான். வாசலில் காவல் நிற்பவை அவை. ஏதேன் தோட்டத்து வாசலில் காவல் நின்றதும் கேருபீன்களே.

ஆக இவர்கள் எங்கேயும் செய்தி கொண்டு போவதில்லை. சேராபீன்கள் சிங்காசனத்தைச் சுற்றி நிற்கிற பரிவாரம், கேருபீன்கள் சிங்காசனத்தைத் தாங்குகிறவர்கள், சக்கரம் அதன் ஓட்டம். இணையப் படத்தில் இருப்பது தேரின் சக்கரம். அதைத் தபால்காரர் என்று சொல்லிவிட்டார்கள்.

எசேக்கியேலே இதையெல்லாம் நேரடி வர்ணனையாகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "போல", "சாயல்", "தோற்றம்" என்று வரிக்கு வரி போட்டுக்கொண்டே போகிறார். கடைசியில் அவர் சொல்வது கர்த்தருடைய மகிமையின் சாயலின் தோற்றம் என்று மூன்றடுக்குத் தயக்கம். நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அதை அளவெடுத்து வரைவது கொஞ்சம் அநியாயம்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: தூதன் என்பது பணி, உருவம் அல்ல. இறக்கையும் கண்களும் சிங்காசனத்தைச் சேர்ந்தவை. அடுத்து, இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போம்.

தரிசனம் நடக்கும் இடம் ஓர் அரசவை

தரிசனம் என்றால் தூங்கும்போது வரும் கனவு மாதிரி ஏதோ என்று நினைக்கிறோம். இந்த நூல்களில் அதற்குத் திட்டமான ஓர் அமைப்பு உண்டு: தீர்க்கதரிசி ஓர் அரசவைக்குள் எட்டிப் பார்க்கிறார். 1 இராஜாக்கள் 22-ஆம் அத்தியாயம் இதை அழகாகக் காட்டுகிறது. சமாரியாவின் நகர வாசலில், களத்துமேட்டில், இஸ்ரவேல் ராஜா ஆகாபும் யூதா ராஜா யோசபாத்தும் ராஜ உடையோடு சிங்காசனங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் சுமார் நானூறு தீர்க்கதரிசிகள், போருக்குப் போங்கள், ஜெயம்தான் என்கிறார்கள். மிகாயா என்ற ஒருவர் மட்டும், நான் இன்னொரு அவையைப் பார்த்தேன் என்று ஆரம்பிக்கிறார். அங்கேயும் சிங்காசனம், வலமும் இடமும் வானத்துச் சேனை, யாரை அனுப்பலாம் என்று ஆலோசனை. கீழே ஒரு தர்பார், மேலே ஒரு தர்பார். முடிவு எடுக்கப்படுவது மேலே.

அந்த ஆலோசனை அவைக்கு எபிரேயத்தில் ஸோத் என்று பெயர். எரேமியா பொய்த் தீர்க்கதரிசிகளைத் திட்டும்போது அவர்கள் ஸோத்தில் நின்றவர்களா என்றுதான் கேட்கிறார். கூட்டத்துக்கே போகாதவன் தீர்மானத்தை வாசிக்கிறானே என்கிற மாதிரி.

அவையில் எடுத்த முடிவைக் கொண்டு போக ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் தூதன் எப்படிப் பேசுவான் என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் களிமண் கடிதங்கள் "இன்னாருக்குச் சொல், இன்னார் சொல்வது இதுவே" என்று தொடங்குகின்றன. கடிதம் பேசுவது அதை வாசிக்கப்போகும் தூதனிடம். அதன்பின் வருவதெல்லாம் அனுப்பியவரின் குரல், "நான்" என்றால் ராஜா. யாக்கோபு ஏசாவுக்கு அனுப்பியதும் இதே வடிவில்தான்: உம்முடைய அடியான் யாக்கோபு சொல்கிறது என்னவென்றால். "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்" என்று தீர்க்கதரிசிகள் ஆயிரம் தடவை சொல்வதும் இந்தத் தூது வாய்ப்பாடுதான்.

இது தெரிந்தால் ஒரு பெரிய குழப்பம் பாதி குறையும். சில இடங்களில் கர்த்தருடைய தூதன் பேச ஆரம்பிப்பார், ரெண்டு வரி போனதும் "நான் தேவன்" என்பார். தூதனா கடவுளா என்று வாசிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். தூது வழக்கப்படி இதில் விசித்திரம் இல்லை, தூதன் வாயில் வரும் "நான்" அனுப்பியவருடையது. இதோடு விவாதம் முடிந்துவிடவில்லை, மோசே கண்ட எரியும் முட்செடிக் காட்சி போன்ற இடங்களில் அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆரம்பிப்பவருக்கு இது போதும்.

ஏசாயா 6-இல் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். சிங்காசனத்தைச் சுற்றி அத்தனை சேராபீன்கள் நிற்கும்போது, யாரை அனுப்புவேன் என்று கேள்வி வருகிறது. அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற மனிதன்தான், இதோ நான் இருக்கிறேன், என்னை அனுப்பும் என்கிறான். அந்தக் கணத்தில் மலாக் யார்? ஏசாயாதான்.

வாதுமைக் கிளை: விழித்திருப்பது என்றால் என்ன

இப்போது இரண்டாவது பாதி. கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்றதும் நமக்கு சிசிடிவி ஞாபகம் வந்துவிடுகிறது. கேமரா இருபத்துநாலு மணி நேரமும் பதிவு செய்யும், ஆனால் அதற்கு எதைப் பற்றியும் அக்கறை கிடையாது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொல்லும் கவனிப்பை, காய்ச்சல் குழந்தையின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் தாயோடு ஒப்பிடலாம். அவள் எதையோ எதிர்பார்த்து விழித்திருக்கிறாள், வேளை வந்தால் எழுந்து காரியம் செய்வாள்.

எரேமியாவுக்கு வந்த முதல் தரிசனத்தில் தூதனும் இல்லை, சிங்காசனமும் இல்லை. என்ன பார்க்கிறாய் என்று கேள்வி. வாதுமை மரத்தின் கிளையைப் பார்க்கிறேன் என்கிறார். சரியாகப் பார்த்தாய், என் வார்த்தையை நிறைவேற்ற நான் விழித்திருக்கிறேன் என்று பதில். தமிழில் படித்தால் கிளைக்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எபிரேயத்தில் வாதுமை ஷாக்கேத், விழித்திருக்கிறவர் ஷோக்கேத். சிலேடை! அதோடு முடியவில்லை, இஸ்ரேல் மண்ணில் குளிர்காலம் முடிவதற்குள் மற்ற மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும்போதே பூத்துவிடுகிற மரம் வாதுமை. முதலில் கண் விழிக்கும் மரம்.

இந்த விழிப்பு ஆறுதலான சேதி மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வினைச்சொல் எரேமியா 31-இல் திரும்ப வருகிறது: பிடுங்கவும் இடிக்கவும் எப்படி விழித்திருந்தேனோ, அப்படியே கட்டவும் நாட்டவும் விழித்திருப்பேன். 44-இல் எகிப்துக்கு ஓடியவர்களிடம், உங்கள் நன்மைக்கு அல்ல, தீமைக்கே விழித்திருக்கிறேன் என்று வருகிறது. கவனிக்கப்படுவது எப்போதும் சுகமான அனுபவம் இல்லை.

சகரியாவின் ஒரு ராத்திரி

தூதரும் கண்களும் ஒரே இடத்தில் சந்திப்பது சகரியாவில். எனக்குக் கேட்டால் இந்த விஷயத்தில் முதலில் படிக்க வேண்டிய நூல் இதுதான். எசேக்கியேல் அளவுக்கு யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

தேதியே இருக்கிறது: பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம், ஷெபாத் மாதம் 24-ஆம் நாள். நம் கணக்கில் கி.மு. 519 பிப்ரவரி நடு. (வாதுமை பூக்கும் காலமும் அதுதான்.) பாபிலோனியர் எருசலேமை அழித்துக் கொண்டுபோன மக்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து அங்கே இருக்கிறார்கள். ஆலயம் இன்னும் முடியவில்லை, நகரம் பாழாகக் கிடக்கிறது. அந்த ராத்திரி சகரியா பார்ப்பது, பள்ளத்தில் மிருதுச்செடிகளுக்கு நடுவே சிவப்புக் குதிரைமேல் ஒரு மனிதர், பின்னால் பல நிறக் குதிரைகள். இவர்கள் யார்? பூமியெங்கும் சுற்றிப் பார்க்க அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட் ஒரே வரிதான்: பூமி முழுவதும் அமைதியாக இருக்கிறது.

நல்ல செய்திதானே? அங்கேதான் விஷயம். அங்கே நின்ற கர்த்தருடைய தூதன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை, எழுபது வருஷமாக எருசலேம்மேல் இரங்காமல் இருக்கிறீரே, இன்னும் எத்தனை காலம் என்று கிட்டத்தட்டப் புலம்புகிறார்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. கி.மு. 522-இல் தரியு ஆட்சியைப் பிடித்ததும் பாரசீகப் பேரரசு முழுக்கக் கலகம். பாபிலோன் மட்டுமே ரெண்டு தடவை கிளர்ந்தது. ஒரே வருஷத்தில் 19 போர் செய்து 9 ராஜாக்களைப் பிடித்ததாக பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தரியு வெட்டி வைத்திருக்கிறார். பேரரசு ஆட்டம் கண்டபோது எருசலேம்காரர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. சகரியாவின் சமகாலத்தவரான ஆகாய், வானமும் பூமியும் அசையும், சிங்காசனங்கள் கவிழும் என்று பேசினார். கி.மு. 519-க்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பூமி அமைதியாக இருக்கிறது என்றால், ஒன்றும் மாறவில்லை, நம்மை அடக்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏன் குதிரை? பாரசீகத்தில் சூசாவிலிருந்து சர்தை வரை ராஜபாட்டை, அதில் 111 தங்கும் இடங்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். குதிரை மாற்றிக் குதிரை மாற்றித் தபால் ஓடிய காலம். ராஜாவின் கண், ராஜாவின் காது என்று ஒற்றர்களைப் பற்றியும் கிரேக்கர்கள் எழுதினார்கள், கி.மு. 425-இல் ஏதென்ஸ் நாடகமொன்றில் ராஜாவின் கண் என்று ஒரு பாத்திரமே மேடையேறிச் சிரிப்பு மூட்டியது. பேரரசின் குடிமகனுக்கு, எங்கோ இருந்து தன்னைப் பார்க்கும் கண் பழகிய சங்கதி.

இந்தப் பின்னணியோடு நாலாம் அத்தியாயத்துக்குப் போங்கள். முழுக்கப் பொன்னால் ஆன ஒரு விளக்குத்தண்டு, அழகாகக் குத்துவிளக்கு என்றே தமிழ் பைபிளில் இருக்கிறது, அதில் ஏழு அகல். சகரியாவுக்குப் புரியவில்லை. இது தெரியாதா உனக்கு என்று தூதன் கேட்கிறார், தெரியாது ஆண்டவனே என்கிறார். அப்புறம் விளக்கம் வருகிறது: இந்த ஏழும் பூமியெங்கும் சுற்றிப் பார்க்கிற கர்த்தருடைய கண்கள். அதாவது தரியுவின் கண்ணுக்கு மேலே இன்னொரு கண் இருக்கிறது, அது இந்தப் பாழடைந்த ஊரில், ஆலயத்தைக் கட்டும் ஆளுநர் செருபாபேல் கையில் தொங்கும் நூல்குண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆலயம் கி.மு. 515 வாக்கில் கட்டி முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆமோஸ், எரேமியா காலத்தில் என்ன பார்க்கிறாய் என்று கடவுளே நேரில் கேட்டார். சகரியாவில் நடுவில் ஒருவர் நிற்கிறார், "என்னோடே பேசின தூதன்". அறிஞர்கள் இவரை விளக்கும் தூதன் என்பார்கள், காட்சிக்கு அர்த்தம் சொல்வதே அவர் வேலை. பின்னால் தானியேலில் இந்த வேலைக்குக் காபிரியேல் என்று பெயரே வந்துவிடுகிறது, மிகாவேலும் அங்கேதான் வருகிறார். எபிரேய நூல்களில் பெயர் உள்ள தூதர்கள் இவ்விருவர் மட்டுமே. தூதர்களின் பெயர்கள் பாபிலோனிலிருந்து நம்மோடு வந்தவை என்று பிற்கால யூத ரபீமாரே சொல்லிவிட்டார்கள்.

சக்கரத்தில் ஏன் கண்?

இப்போது எசேக்கியேலுக்குத் திரும்பினால் அந்தக் கண்கள் பயமுறுத்துவதற்காக ஒட்டப்பட்டவை இல்லை என்பது தெரியும். எருசலேமில் மிச்சமிருந்த மூப்பர்கள் இருட்டறையில் சுவரில் செதுக்கிய உருவங்களுக்குத் தூபம் காட்டிக்கொண்டு சொல்வதாக 8-ஆம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: கர்த்தர் நம்மைப் பார்க்கிறதில்லை, தேசத்தைக் கைவிட்டார். இதற்கு நேர்ப் பதில் அந்தத் தேர். கண் இருக்கிறது, ஆகவே பார்க்கிறார். சக்கரம் இருக்கிறது, ஆகவே எருசலேம் ஆலயத்தோடு கட்டுண்டு கிடக்கவில்லை, அகதிகள் இருக்கும் கால்வாய்க் கரைக்கும் வருவார். வீட்டையும் கோவிலையும் இழந்து அந்நிய மண்ணில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

சுருக்கமாக: ஷாக்கேத் கிளை, ஏழு அகல், சக்கரத்துக் கண்கள், குதிரை ரோந்து, நாலும் ஒரே கேள்விக்கான பதில்கள்தான். காலத்துக்கு ஏற்ப உருவம் மாறுகிறது.

காவலாளர்கள், இரு வகை

தானியேல் 4-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் கனவில் ஒரு பெரிய மரம் நிற்கிறது, காவலாளனாகிய பரிசுத்தவான் ஒருவன் வானத்திலிருந்து இறங்கி அதை வெட்டச் சொல்கிறான். மூலத்தில் அரமேயச் சொல், ஈர், விழித்திருப்பவன். பைபிளில் இந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் இப்படி வருகிறது. பைபிளுக்கு வெளியே ஏனோக்கின் நூலில் இந்த ஈர்கள் 200 பேர் எர்மோன் மலையில் இறங்கி, மனுஷப் பெண்களை மணந்து கெட்டுப்போகிறார்கள். சினிமாக்களிலும் யூடியூபிலும் வரும் வீழ்ந்த தேவதூதர் கதைகளில் பெரும்பகுதிக்கு இதுதான் ஊற்று, ஏசாயாவோ எசேக்கியேலோ அதற்குப் பொறுப்பில்லை.

இன்னொரு காவற்காரர் மண்ணில் நிற்கிறார். நகர மதிலின்மேல் நின்று படை வருகிறதா என்று பார்த்து எக்காளம் ஊதுகிறவருக்கு எபிரேயத்தில் ஸோஃபே. எசேக்கியேலிடம் கடவுள், உன்னை ஸோஃபேயாக வைத்தேன், பார்த்தும் ஊதாமல் விட்டால் செத்தவன் ரத்தப்பழி உன்மேல் என்கிறார். ஆபகூக்கும் காவல் கோபுரத்தில் போய் நிற்கிறார், ஆனால் அவர் பார்ப்பது எதிரியை இல்லை, தன் முறையீட்டுக்குக் கடவுள் என்ன பதில் தருவார் என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படிக்க ஆசைப்படுகிறவர்கள் எசேக்கியேல் 1-இல் ஆரம்பிக்க வேண்டாம், சக்கரத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். எரேமியா 1, ஏசாயா 6, பிறகு சகரியா 1 முதல் 6 வரை ஒரே மூச்சில். சகரியாவின் ஆறாம் அத்தியாயத்தில் மறுபடியும் பல நிறக் குதிரைகள், இம்முறை நான்கு ரதங்களில் பூட்டப்பட்டுக் கிளம்பத் துடித்துக்கொண்டு நிற்கும். முதல் அத்தியாயத்தில் எல்லாம் அமைதி என்று சொல்லிவிட்டு நின்ற குதிரை ரோந்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.